ஆள் நகர்ந்தாரா, கோடு நகர்ந்ததா?

"அசையாதே. குதிகாலைச் சேர்த்து நில்லு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, மூச்சுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்ல."

சமையலறைக் கதவு நிலையில் மகளைச் சாய்த்து நிறுத்தி, தலைமேல் அளவுகோலைப் படுக்க வைத்து, கொண்டையிலிருந்து உருவிய பென்சிலால் கோடு கிழிக்கிறார் எல்லையக்கா. மகள் எழுந்து நிற்கத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த நிலையில் பிறந்தநாளுக்கு ஒன்றாக ஏணிப்படி போலக் கோடுகள் உண்டு. இந்த வருடத்துக் கோடு போன வருடத்துக் கோட்டை விட்டு எங்கேயோ மேலே போய்விட்டது. பதின்மூன்று முடிந்த பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குக் கிளம்பிய அப்பா பாதி வாசலிலிருந்து திரும்பி வந்து பார்த்தார்.

"அடேயப்பா, நாலு விரல்! ஒரே வருஷத்துல! யாரு பொண்ணு?"

எல்லையக்கா அந்தப் பூரிப்பில் கலந்துகொள்ளவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். ஆறு மாதம் முன்புதான் பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினார்கள். கொத்தனார் விட்டுப்போன உடைசல் ஒன்று, அடியில் கலவை ஒட்டிக் காய்ந்தபடி, பரணில் கிடந்தது. அதை எடுத்துவந்து நிலைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு விரல் கனம். மகளின் கோட்டை ரப்பரால் அழித்தார். இரண்டு விரல் கீழே இறக்கிப் புதுக்கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தையும் எழுதினார்.

"இதுதான் நீ வளர்ந்தது. மிச்சம் தரை வளர்ந்தது."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்களா, இல்ல அங்கயும் அளவுகோல்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லையக்கா நிலையில் ஒட்டியிருந்த ரப்பர்த் தூளை ஊதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இப்படி என்றால் அலுவலகத்தில் இதற்குத்தான் அவருக்குச் சம்பளம். புள்ளியியல் அலுவலகம், இரண்டாவது மாடி, ஜன்னலோர மேஜை. பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊரில் தலைகளை எண்ணுகிறார்கள். ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே நகராட்சிக்குக் கை சும்மா இருப்பதில்லை. வார்டு எல்லைகளை மாற்றி வரைந்துவிடுகிறது. ஏழாம் வார்டு என்ற பெயர் அப்படியே இருக்கும், ஆனால் அதன் உடம்பு வேறாகியிருக்கும். பெயரை நம்பிப் பழைய எண்ணையும் புது எண்ணையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பவர்கள் நாட்டில் ஏராளம். அவர்கள் பெரும்பாலும் மேடையில் பேசுகிறவர்கள். ஒரு வார்டில் ஜனத்தொகை பாதியாகக் குறைந்துவிட்டதென்று சொல்லி, குடும்பக் கட்டுப்பாட்டு வெற்றிக்காக அந்த வார்டுக்கு ஒரு பாராட்டு விழாவே நடத்தினார்கள். மீதிப் பாதி அடுத்த வார்டில் கைக்குழந்தைகளோடு சௌக்கியமாக இருந்தது. எல்லையை மாற்றி வரைந்தவரே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

இந்தக் கழித்தலை நடக்கவிடாமல் தடுப்பதுதான் எல்லையக்காவின் உத்தியோகம். பழைய எல்லைப் படத்தையும் புது எல்லைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பார். எந்தத் தெரு எந்தப் பக்கம் போயிற்று, எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போயிற்று என்று பிரிப்பார். கடைசியில் இரண்டு காலத்து எண்ணிக்கையையும் ஒரே கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம். யாராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஆரம்பித்தால் அவர் நிமிராமல் கேட்பது ஒரே கேள்வி: "ஆள் நகர்ந்தாரா, கோடு நகர்ந்ததா?"

படங்களை மேலே மேலே வைக்க அவருக்கென்று ஒரு கண்ணாடி மேஜை உண்டு, அடியில் குழல்விளக்கு பொருத்தியது. கணினி வந்தபிறகு அதற்கு வேலை குறைந்தது. விளக்குச் சூட்டில் சாப்பாட்டு டப்பா ஆறாமல் இருக்கும் என்று கண்டுபிடித்த சக ஊழியர்கள் இப்போது பதினொரு மணிக்கே அதில் இடம் பிடித்து வைக்கிறார்கள். படத்திலுள்ள பழைய நகரம் முழுவதும் பருப்பு வாசனை அடிக்கிறது.

அலுவலகம் மூடிவிட்டால் கேள்வி மூடுவதில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் உற்சாகமாக வந்தார். "அக்கா, நாலு கிலோ இளைச்சுட்டேன்!"

"அதே மெஷினா?"

"இல்ல, இது புதுசு."

"அப்போ மெஷின் இளைச்சிருக்கும். செருப்போட ஏறினீங்களா போன தடவை?"

அவர் அதற்கப்புறம் எடையைப் பற்றி வாய் திறப்பதில்லை. எல்லையக்காவின் அக்கா ஒருத்தி, வீட்டில் கூட்டமே இல்லாமல் போய்விட்டது, எட்டுப் பேர் இருந்த வீட்டில் இப்போது மூன்றே பேர் என்று கண்ணைத் துடைத்தபோது அவளுக்குக் கிடைத்த ஆறுதல் இது: "நடுவுல சுவரு எழுப்பிட்டு இந்தப் பக்கம் மட்டும் எண்ணினா மூணுதான்க்கா வரும். கொழுந்தன் குடும்பம் சுவருக்கு அந்தப் பக்கம்தானே சமைக்குது? அதையும் சேர்த்தா ஒன்பது. ஒண்ணு கூடித்தான் இருக்கு." அக்கா ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த ஒன்பதாவது யார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கொழுந்தன் பேத்தி. பத்து நாள் குழந்தை.

இவ்வளவு கறாரான மனுஷிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வார்டு இரண்டாக வெட்டுப்பட்டது. வெட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் போனார்கள் என்று தெரியவில்லை. இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. ஆகவே ஆட்களிலும் மூன்றில் ஒரு பங்கை அனுப்பிவைத்தார். காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத கணக்கு. அந்தப் பக்கம் போனதெல்லாம் கல் வெட்டி எடுத்த பெரும்பள்ளம், மழைத்தண்ணீர் நின்று குளமான இடம் என்பது மட்டும் காகிதத்தில் இல்லை. ஒரு வாரம் கழித்துக் குடிநீர்த் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் மிகவும் பணிவாகக் கேட்டார்: "மேடம், எங்க குளத்துக்குள்ள ரெண்டாயிரம் பேர் குடியிருக்கறதா உங்க அறிக்கையில பார்த்தோம். அவங்களுக்கும் குழாய் இணைப்பு குடுக்கணுமா, இல்ல இருக்கற தண்ணி போதுமா?"

அன்றிலிருந்து எல்லையக்கா எந்தத் துண்டையும் நடந்து பார்க்காமல் பிரிப்பதில்லை. வாசலை நம்பமாட்டார், பூட்டை நம்பமாட்டார். அண்ணாந்து துணிக்கொடிகளை எண்ணுவார். "பூட்டின வீட்டுல ஆள் இருக்கும், திறந்த வீட்டுல யாரும் இருக்கமாட்டாங்க. துணி அப்படி இல்லீங்க. உடுத்த ஆள் இருந்தாத்தான் காயும்." கணினியும் குளத்துக்கு விதிவிலக்கல்ல. போன வருடம் வந்த புது மென்பொருள் முதல் ஓட்டத்திலேயே ஓர் இடுகாட்டில் எண்ணூறு பேரைக் குடியேற்றியது. "ஒரு வகையில சரிதானேக்கா" என்றார் பக்கத்து மேஜைக்காரர். எல்லையக்கா சிரித்ததை அன்று அலுவலகம் பார்த்தது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இனி வீட்டுக்காரர். ஏழாம் வார்டு பெரிய தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சின்னதைப் பெரிதாகக் காட்டுவது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவமும்கூட. தும்மினால் நிமோனியா, தூறினால் வெள்ளம். குடியிருப்போர் சங்கத்துக்கு இரவல் கொடுத்த நாற்காலிகளைத் திரும்ப வாங்கி வரலாம் என்று ஒரு கூட்டத்துக்குப் போனவர், தலைவராகத் திரும்பி வந்தார். நாற்காலிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் எதையும் பெரிதாக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஏழாம் வார்டில் சுகாதார நிலையம் கிடையாது. ஊசி போட, காய்ச்சலுக்குப் பார்க்க, ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாம் வார்டுக்குப் போகவேண்டும். கேட் திறந்திருப்பதைப் பார்த்தவர்கள் அதை மற்றவர்களுக்குச் சொல்லி மகிழ்கிற அளவுக்கு, சரக்கு ரயில்கள் அங்கே வந்து நின்றுவிடும். ஒருநாள் காய்ச்சலில் கண் செருகிய குழந்தையோடு ஒரு தாய் கேட்டில் நின்று அழுததைக் கடையிலிருந்து பார்த்தவர், ஓடிப்போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நின்ற ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏறி அந்தப் பக்கம் குதித்தார். அவர் குதித்த பிறகு ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. குழந்தை பிழைத்தது. இவருக்கு அன்று முழுவதும் ஒரு கண்ணாடிக்குக்கூடத் திருகு முடுக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து நகராட்சி ஒரு திட்டம் அறிவித்தது. போன எண்ணிக்கைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் நடுவே பாதிக்கு மேல் வளர்ந்த வார்டுகளுக்கு உடனே சுகாதார நிலையம். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு எண்களையும் தேடி எடுத்தார். ஏழாம் வார்டு அன்றைக்கு ஆறாயிரம். இன்றைக்குப் பதினோராயிரம். கிட்டத்தட்ட இரட்டிப்பு! கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டாமல் மனுவைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். வார்டே ஒன்று திரண்டது. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியாதா?

மனு நகராட்சிக்குப் போயிற்று. நகராட்சி எண்களைச் சரிபார்க்கச் சொல்லிப் புள்ளியியல் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே வார்டு எல்லை என்றால் கோப்பு போய் விழுகிற மேஜை ஒன்றே ஒன்றுதான்.

எல்லையக்கா அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேலதிகாரியிடம் போனார். "சார், இதை நான் பார்க்கக்கூடாது. மனு குடுத்தவர் எங்க வீட்டுக்காரர்."

"வேற யார்கிட்ட குடுக்கறது மேடம்? அடுத்தவர்கிட்ட குடுத்தா இடுகாட்டுல ஆளை இறக்குவார். உங்களுக்கும் அவருக்கும் அறிமுகமே இல்லாத மாதிரி நினைச்சுக்கிட்டுப் பாருங்க. நான் பின்னாடி ஒரு தடவை சரிபார்த்துடறேன்."

"அறிமுகமே இல்லாத மாதிரியா? இதைப் பதினாறு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா உபயோகமா இருந்திருக்கும் சார்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு இப்படிப் போயிற்று.

"என்னங்க, ஏழாம் வார்டு மனு என் மேஜையில இருக்கு."

வீட்டுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. "உன்கிட்டயே வந்துடுச்சா? அப்போ காரியம் முடிஞ்ச மாதிரிதான்."

"என்ன முடிஞ்சுது? ஆள் நகர்ந்தாங்களா, கோடு நகர்ந்துச்சா?"

"ஏம்மா, ஆறு பதினொண்ணாயிருக்கு. எனக்குக் கழிக்கத் தெரியாதா?"

"கழிக்கறதுல தப்பில்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற மில் குடியிருப்பு முன்னே எட்டாம் வார்டு. கோட்டை வாய்க்கால்லேர்ந்து தூக்கி அந்தக் கோடியில வெச்சாங்க. அவங்க ஏழாம் வார்டுக்கு வந்துட்டாங்க."

"வந்துட்டாங்கல்ல? ஆள் இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"பத்து வருஷம் முன்னாடியும் அங்கேயேதான் இருந்தாங்க. யாரும் புதுசா வரல. வளரலீங்க. சேர்ந்திருக்கோம், அவ்வளவுதான்."

கண்ணாடிக் கடைக்காரர் தட்டைத் தள்ளினார். "கேட்ல அந்தக் குழந்தை கண்ணு செருகிக் கிடந்துச்சே, அதுவும் கோடு நகர்ந்ததாலதானா?"

எல்லையக்கா அந்தத் தட்டை எடுத்துக் கழுவப் போட்டார். பொய்யாக எழுத அவருக்கு வராது. வீட்டில் பேச்சு நின்றது. இப்படிப் பேச்சு நிற்கும்போதெல்லாம் நடுவே தூது போவது மகள்தான். அவளோ கதவு நிலைக் கோட்டுக்காக அம்மாவிடம் ஏற்கெனவே பேசுவதில்லை. தூதுக்கு ஆளில்லாமல் அந்த வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூட டப்பாவைத் தட்டித் தெரிவிக்கவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லையக்கா மில் குடியிருப்புக்குக் கிளம்பினார். பழைய எட்டாம் வார்டின் எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். குடியிருப்போடு போனவர்கள் எத்தனை பேர், அங்கேயே தங்கியவர்கள் எத்தனை பேர்? தெருவாரியான பழைய தாள்கள் ஈரத்தில் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. இருப்பவை கால்கள்தான். பத்தடி பின்னால் கண்ணாடிக் கடைக்காரரும் நடந்து வந்தார். அவர் வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போகிறாராம்.

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அண்ணாந்து நிற்கும் எல்லையக்காவைப் பார்த்து, "என்னம்மா, துணியை எண்ணிட்டிருக்கீங்க? எதைத் தூக்கலாம்னா?" என்றாள்.

"இல்லம்மா, ஜனத்தொகைக் கணக்கு. வீட்டுல எத்தனை பேர்?"

"ஆறு. அந்த நீலச் சட்டையை மட்டும் சேர்த்துக்காதீங்க. பக்கத்து வீட்டுது, காத்துல வந்தது."

"இந்த வீடு கட்டி எத்தனை வருஷம் இருக்கும்?"

"வருஷமெல்லாம் யாருக்குத் தெரியும்? என் பெரியவன் தவழ்ந்து வந்து அந்தப் படியில விழுந்தான். இப்போ அவனுக்கு மீசை வந்துடுச்சு."

"நீங்க எந்த வார்டும்மா?"

"எட்டு."

"ஏழுக்கு மாத்தி மூணு வருஷம் ஆச்சு."

"அப்படியா?" அந்தப் பெண் திரும்பித் தன் வீட்டை ஒருமுறை பார்த்தாள். "நாங்க எங்கேயும் போகலியே, இங்கேயேதான இருக்கோம்!"

எல்லையக்கா திரும்பிப் பத்தடி தள்ளி நின்றவரைப் பார்த்தார். அவர் காது கேட்காதவர் போல் மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில் தூரத்துக் கொடி ஒன்றை எல்லையக்கா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தபோது, பொறுக்க முடியாமல் காற்றைப் பார்த்துச் சொன்னார்: "அது துணியில்ல. சாக்கு." சாயங்காலம் வரை மாடிகளை அவர்தான் பார்த்துச் சொன்னார். ஒரு சாக்கைக்கூட வேட்டியாக்கவில்லை. வேண்டுமென்றிருந்தால் ஆக்கியிருக்கலாம்.

கணக்கு வந்தது. இப்போது இதை எழுத இரண்டு வழிகள். இரண்டும் உண்மை. புது எண்ணிக்கையைப் பழைய கோட்டுக்குள் சுருக்கினால், ஏழாம் வார்டு அன்று ஆறாயிரம், இன்றும் ஆறாயிரம். பழைய எண்ணிக்கையைப் புதுக் கோட்டளவுக்கு விரித்தால், அன்று பதினோராயிரம், இன்றும் பதினோராயிரம். எப்படி வைத்தாலும் வளர்ச்சி ஒன்றுமில்லை. அலுவலகத்தில் வழக்கம் முதல் வழிதான். பழையதை அச்சடித்தாகிவிட்டது, அதை யார் தொடுவது? எல்லையக்காவும் எல்லா வருடமும் போல் புதியதைச் சுருக்கித்தான் எழுதத் தொடங்கினார்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பையோடு சமையலறையைக் கடந்த மகள் கதவு நிலையைப் பார்த்து நின்றாள். அத்தனை நாள் அடக்கியது உடைந்தது.

"என்னை எதுக்கும்மா குறைச்சே? நான் இப்போ நிக்கறது இந்தத் தரையிலதானே? பழைய தரைதான் போயிடுச்சே! வேணும்னா அந்தப் பழைய கோடுகளையெல்லாம் மேல ஏத்திக்க வேண்டியதுதானே? அப்பவும் வித்தியாசம் அதேதானே வரும்?"

எல்லையக்கா கரண்டியோடு நின்றார். ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்து, மனத்துக்குள் கழித்துப் பார்த்து, வாயை மூடினார்.

"வரும்" என்றார்.

"அப்புறம் ஏன் என்னைக் குட்டையாக்கினே?"

பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அறிக்கையின் முதல் வரி: ஏழாம் வார்டு வளரவில்லை. மனுவில் உள்ள இரட்டிப்பு, எல்லை மாற்றத்தால் வந்த தோற்றம். இதில் எல்லையக்கா ஓர் எழுத்தையும் இளக்கவில்லை. அடியில் இணைத்த அட்டவணை மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. புதுக்கோட்டில் அன்று பதினோராயிரம், இன்று பதினோராயிரம்.

சரிபார்த்த மேலதிகாரி புருவத்தைத் தூக்கினார். "நாம பழைய எல்லையிலதானே போடுவோம் மேடம்?"

"மனுவுல கையெழுத்துப் போட்டவங்க புது எல்லையில குடியிருக்காங்க சார்."

அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், சரியாக வந்தது, கையெழுத்துப் போட்டார்.

மனு தள்ளுபடி. செய்தி கடைக்கு வந்து சேர்வதற்கு முன் கேலி வந்து சேர்ந்தது. மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்த பெரியவர் ஒருவர், "தலைவரே, ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்றீங்க. வீட்டுல யாரு என்ன எழுதறாங்கன்னு தெரியலியாக்கும்!" என்றார். பக்கத்துக் கடைக்காரர், "இனிமே மனுவை வீட்டுலயே குடுத்து வீட்டுலயே திருப்பி வாங்கிக்கங்க. தபால் செலவு மிச்சம்" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அறிக்கையைக் கவுண்டரில் விரித்தார். ஒரு தப்பு, ஒரே ஒரு கூட்டல் தப்பு கிடைத்தால் போதும் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வரி வரியாகப் போனார்.

தப்பு கிடைக்கவில்லை. அட்டவணையில் கண்ணாடி நின்றது. அன்று பதினோராயிரம். தள்ளுபடிக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தார். அடியில் பொடியெழுத்தில் யாரும் படிக்காத ஒரு வாசகம்: வளர்ச்சித் திட்டத்தில் சேராத வார்டுகளுக்கு, பதினாயிரம் பேருக்கு ஒரு சுகாதார நிலையம் என்ற பொதுவிதி பொருந்தும். மறுபடி அட்டவணை. மறுபடி பொடியெழுத்து. கடையில் உட்கார்ந்திருந்தவர் தன் கண்ணாடி தயாரா என்று கேட்டார். "இருங்க" என்றார் இவர், "இப்போதான் எனக்கே தெரியுது."

இரண்டாவது மனு முதல் மனுவைவிடக் காரமாக இருந்தது. வளர்ந்துவிட்டோம் என்ற பெருமை போய், வேறொன்று வந்திருந்தது. நாங்கள் ஒன்றும் வளரவில்லை. புதிதாக யாரும் வரவில்லை. இதே இடத்தில் இதே பதினோராயிரம் பேர் பத்து வருடமாக இருக்கிறோம் என்று உங்கள் புள்ளியியல் அலுவலகமே சொல்கிறது. பத்து வருடமாக இத்தனை குழந்தைகளும் ரயிலுக்கு அடியில் புகுந்துதான் ஊசி போட்டுக்கொள்கின்றன. கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், நர்ஸை இந்தப் பக்கம் போடுங்கள். மில் குடியிருப்புக்காரர்களும் இம்முறை கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் ஏழாம் வார்டு என்று அவர்களுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

அந்த மனுவும் சரிபார்க்க வந்தது. எல்லையக்கா முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டினார். ஒரு தப்பு வந்துவிடுமோ என்று பக்கத்து மேஜைக்காரருக்கே வியர்த்தது. சரி என்று எழுதினார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அந்த அட்டவணையை வேணும்னுதானே அப்படிப் போட்டீங்க?"

"நடைமுறைங்க" என்றார் எல்லையக்கா, பென்சிலைக் கொண்டையில் செருகியபடி. அது எந்த ஊர் நடைமுறை என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சுகாதார நிலையம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். கட்டடம் அடுத்த வருடமாம். இப்போதைக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு நர்ஸ் சங்க அறைக்கு வருகிறார். தாய்மார்கள் உட்கார அந்த நாற்காலிகள்தான் பயன்படுகின்றன. கண்ணாடிக் கடைக்காரர் அவற்றைத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டார். நகராட்சியில் மறுபடியும் ஒரு புது எல்லைப் படம் தயாராவதாகக் கேள்வி. அது வெளியாவதற்குள் அஸ்திவாரம் தோண்டிவிட வேண்டும் என்று அவர் வேகமாக நடந்துகொண்டிருக்கிறார்.

நர்ஸ் முதன்முதலாக வந்த நாளுக்கு மறுநாள் காலை. எல்லையக்கா பரணிலிருந்து அந்த டைல் உடைசலை இறக்கினார். மகளைக் கூப்பிட்டார்.

"மறுபடி அளக்கப் போறியா?"

"உன்னை இல்ல."

நிலையில் ஆகக் கீழே, மகள் முதன்முதலாக எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்ற பிறந்தநாளின் கோடு. அதன்மேல் உடைசலின் அடிப்பக்கத்தை ஒட்டி வைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கடைக்குப் போகிற அவசரத்திலும் மண்டியிட்டுப் பிடித்தார். உடைசலின் மேல்விளிம்பில் எல்லையக்கா புதுக்கோடு கிழித்தார். அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு என்று மூவரும் வருடம் வருடமாக ஏறி வந்தார்கள். போன வருடத்துக் கோட்டின்மேல் உடைசலை வைத்தபோது, அதன் விளிம்பு அன்று மகளை இறக்கிப் போட்ட கோட்டின்மேலேயே வந்து உட்கார்ந்தது. அங்கே புதிதாகக் கிழிக்க ஒன்றுமில்லை. இந்த வருடத்தை அழித்துவிட்டுப் போன வருடத்தை எழுதினார்.

"அம்மா, நான் அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பேன்" என்றாள் மகள்.

"அது அடுத்த கணக்கு."

அதற்கு மேலே, ரப்பர் தேய்த்து வெளுத்துப்போன இடம் ஒன்று இருந்தது. எல்லையக்கா மகளின் தோளைப் பிடித்து மெதுவாகக் கொஞ்சம் விலக்கினார், அளவுகோலை அங்கே படுக்க வைத்தார். பென்சிலை ஒருமுறை இழுத்தார், போதவில்லை, மறுபடி இழுத்தார், முனை ஒடிகிற வரைக்கும்.